தெற்குச் சுவரில் ஒரு கறுப்பு

எண்பத்தேழாம் வருஷம் ராஜபாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீடுகளுக்குப் போன போட்டோக்களில் எல்லாம் பெண்ணின் முகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. சங்கரன்கோவில் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்கு வெண்குஷ்டம் என்று தாங்களே முடிவு கட்டிப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாப்பிள்ளை வீட்டுக்கு அல்ல. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கோதை ஸ்டூடியோவுக்கு.

ஸ்டூடியோவின் சொந்தக்காரர் ஜகந்நாதன். கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, மில் ஆண்டுவிழா என்று ஊர் சுற்றுவது அவர் வேலை. இருட்டறையில் நின்று பிலிம் கழுவுவதும் படம் போடுவதும் அவர் மனைவி காஞ்சனாவின் வேலை. தாய்மாமன் வந்த நேரம் ஜகந்நாதன் வழக்கம்போல் ஊரில் இல்லை. காஞ்சனாதான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பகல் வெளிச்சம் அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகப்படி.

"என்னண்ணே, இளநி சீவவா வந்தீக?"

"இந்தாம்மா, எம் மருமக மூஞ்சியில என்ன இது?"

"தூசி."

"தூசி வெள்ளையாவா இருக்கும்? யாருகிட்ட கதை விடுத?"

"நெகட்டிவ்ல தூசி உக்காந்தா, படத்துல அந்த இடம் வெள்ளையா விழும்ணே. இதாவது பரவாயில்ல. போன மாசம் சத்திரப்பட்டி மாப்பிள்ளை ஒருத்தருக்கு மூக்கே காணாமப் போச்சு. பொண்ணு வீட்டுல சந்தோசமா சரின்னுட்டாக. குறட்டை விடமாட்டாருல்ல!"

தாய்மாமன் சிரித்துவிட்டார். அவள் மெல்லிய தூரிகையில் மையைத் தொட்டு அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைத்துக் கொடுத்தாள். அவர் அரிவாளைச் சுவரோரம் மறந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்து கூச்சத்தோடு எடுத்துக்கொண்டார் என்பாள் காஞ்சனா. வரவே இல்லை, அதில்தான் அந்த வருஷம் முழுக்கத் தேங்காய் உடைத்தோம் என்பாள் வேறொரு நாள். கேட்கிற ஆளைப் பார்த்துக் கதை மாறும்.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் பிறந்தவள். பி.யூ.சி. வரை படித்தவள். ஆண்டாள் கோயில் கோபுரத்தில் தான் ஏறி நின்று பார்த்தபோது கன்னியாகுமரி தெரிந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, பாதி வகுப்பை நம்பவைத்தவள். கல்யாணமாகி ராஜபாளையம் வந்த பிறகு தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு அம்மாக்களிடம் அதே கதையைத் தெலுங்கில் சொன்னாள். தெலுங்கில் கன்னியாகுமரி போதவில்லை. இலங்கை தெரிந்தது. அவள் எதைச் சொன்னாலும் கேட்டுச் சிரிப்பார்கள். நம்ப ஆள் கிடையாது. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது, அந்த ஆடி வரை.

இருட்டறைக்காரிக்குத் தூசிதான் ஜென்ம விரோதி. மில் பஞ்சு, அடுப்புச் சாம்பல், ரோட்டுப் புழுதி எல்லாம் அவளுக்குப் பழக்கம். ஆனால் அந்த வருஷத் தூசி வேறு. சிவப்பாக இருந்தது. ஈரத்துணியைக் கதவில் தொங்கவிட்டால் சாயங்காலம் துணி காவி கட்டிக்கொண்டது. ஒரு நாள் அதில் ஒரு துகளை எடுத்து என்லார்ஜர் கண்ணாடியில் வைத்துச் சுவரில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜவ்வரிசியைப்போல உருண்டையாக, முனை மழுங்கி இருந்தது. ஆற்று மணல் இப்படி இருக்காது. எங்கேயோ ரொம்ப தூரம், ரொம்ப நாள் உருண்டு வந்த முகம் அதற்கு.

எங்கிருந்து வருகிறது என்று சொன்னது அவள் தம்பி உப்பிலி.

மகாராஜபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உப்பிலிக்குத் தென்னந்தோப்பு இருந்தது. தொடர்ந்து மழை ஏமாற்றியதில் குருத்து சாய ஆரம்பித்திருந்தது. கிணறு வறண்டுபோக, சோலைச்சாமி என்கிற கிணறுவெட்டியையும் நாலு ஆட்களையும் வைத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தான். வெட்டிப் போட்ட மண் கரையில் குன்றாகக் கிடந்தது. கணவாய் வழியாக ஆடிக்காற்று இறங்கினால் அந்தக் குன்று அப்படியே எழுந்து ராஜபாளையம் வரை நடக்கும்.

"வெளியூர்த் தூசின்னு நெனைச்சேன். எந்தம்பி வீட்டுத் தூசிதானா?" என்றாள் காஞ்சனா.

"ஒனக்குச் சீர் அனுப்புதேன்னு வச்சுக்கோ" என்றான் உப்பிலி.

அந்தக் கிணற்றைத் தேடித்தான் மெட்ராஸிலிருந்து ஸுந்தரராஜன் வந்தார். மண்ணைப் படிக்கிறவர். கல்லூரி ஆராய்ச்சி. ஒல்லியாக, எப்போதும் எதையோ தொலைத்துவிட்ட முகத்தோடு இருப்பார். பங்குனியில் முதல்முறை வந்தபோது கிணற்றுச் சுவரில் இரும்புக் குழாய்களை அடித்து, மணலை வெளிச்சம் படாமல் நிரப்பி, கறுப்புத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஒரு குழாயின் வாய் நசுங்கிப்போனது. அதைத் திறந்து மாற்றிக் கட்ட இருட்டறை வேண்டும் என்று கோதை ஸ்டூடியோவில் வந்து நின்றார்.

"பிலிமுக்குச் சிவப்பு லைட்டு சரி. மண்ணுக்கு எதுக்கு சார்?"

"இந்த மணல் கடைசியா வெயிலைப் பார்த்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சும்மா. புதைஞ்ச பிறகு சுத்தியிருக்கிற மண்ணுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஒரு சக்தி அதுக்குள்ள சேர்ந்துக்கிட்டே இருக்கும். எங்க லேப்ல சூடு பண்ணினா அது மினுக்குனு வெளிச்சமா வெளியே வரும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு வருஷம். நடுவுல வெயில் பட்டுதுன்னா எல்லாம் அழிஞ்சிடும்."

காஞ்சனா சட்டென்று பிடித்துக்கொண்டாள். "அப்ப இதுவும் கழுவாத பிலிமுதான். பிலிம் வெயிலைப் பாத்தாக் கெட்டுப்போகும். இது வெயிலைப் பாத்தா மறந்துபோகும். அம்புட்டுத்தானே?"

அவர் சிரித்தார். பிறகு சிவப்பு விளக்கில் மணலை மாற்றிக் கட்டிக்கொண்டே, அவள் கேட்காததையும் சொன்னார். கிணற்றுச் சுவரில் மேலே கரம்பை என்கிற வண்டல் மண். அதற்குக் கீழே ரெண்டு ஆள் உயரத்துக்குச் சிவப்பு மணல். அதற்கும் கீழே நத்தை ஓடு கலந்த கறுப்புக் களிமண். அதற்கடியில் மறுபடியும் சிவப்பு மணல். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி மணல். தண்ணீர் கொண்டுவந்த மணல் என்றால் கூழாங்கல் இருக்கும், பெரிசும் சின்னதும் கலந்திருக்கும். இதில் எல்லாத் துகளும் ஒரே அளவு. காற்று சலித்துப் போட்ட மணல்.

"நத்தை ஓடு இருக்கிற காலத்துல இங்க ஏரி. மணல் இருக்கிற காலத்துல மழையில்லை, ஆறு காஞ்சுபோய், காத்து அந்த மணலை அள்ளி இங்க கொட்டியிருக்கு."

"எம்புட்டு நாளா கொட்டுச்சு?"

"நாள் இல்லைம்மா. தலைமுறை. இந்த உயரம் சேரணும்னா, தாத்தா, பேரன், அவன் பேரன் யாரும் நல்ல மழையைப் பார்த்திருக்க மாட்டாங்க."

"அப்ப அங்க ஆளுக இருந்திருந்தா?"

அவர் கறுப்புத் துணியை இறுக்கிக் கட்டினார். இருட்டில் தினமும் தனியாக நிற்கிற காஞ்சனாவுக்கு அன்று முதல்முறையாகக் கதவைத் திறந்துவிட வேண்டும்போல இருந்தது.

ஆனி கடைசியில் மறுபடியும் வந்தார். கிணறு இன்னும் ஆழம் போயிருந்தது. சுவர்களைப் படம் எடுத்தார். உயரம் தெரிவதற்காகச் சோலைச்சாமியைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். சோலைச்சாமி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று படியேறி மேலே போய்விட்டார்.

"போட்டோப் பிடிச்சா ஆயுசு குறையும் சார். எங்கண்ணன் சாத்தூர்ச் சந்தையில படம் பிடிச்சுக்கிட்டான். மறு மாசம் மாடு முட்டிச் செத்தான். ஆளோட நிழலைப் புடிச்சுக் காகிதத்துல ஒட்டிட்டா, பொறவு ஆளு எதுக்கு?"

கடைசியில் சுவரோரம் கடப்பாரையையே நிறுத்தி வைத்துப் படம் எடுத்தார் ஸுந்தரராஜன். கிளம்பும்போது உப்பிலியிடம் சொன்னார்: "மேல் மணலுக்குப் பிடிப்பே கிடையாதுங்க. கல்லு கட்டாம இதுக்கு மேல ஆழம் போகாதீங்க."

"நீங்க மண்ணைச் சூடுபண்ணிப் பாருங்க சார். நான் வெட்டிப் பாக்கேன்" என்றான் உப்பிலி. வார்த்தை தடித்தது. இனிமேல் தோப்புப் பக்கம் காலெடுத்து வைக்க வேண்டாம் என்று முடிந்தது. ஸுந்தரராஜன் பிலிம் சுருளைக் காஞ்சனாவிடம் கழுவக் கொடுத்துவிட்டுத் தேரிக்காட்டுக்குப் போய்விட்டார்.

ஆடி பிறந்தது. காற்று ஓட்டுக்கூரைகளில் கை வைக்க ஆரம்பித்தது. ஒரு முற்பகலில், தட்டில் மருந்துக்குள் கிடந்த காகிதத்தில் அந்தக் கிணறு மெல்ல மேலே வந்தது. முதலில் கடப்பாரை. பிறகு வடக்குப் பக்கத்துப் படிகள். பிறகு தெற்குச் சுவர். காஞ்சனா குனிந்தாள்.

தெற்குச் சுவரில், மேல் மணலும் களிமண்ணும் சந்திக்கிற இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பு. பங்குனியிலும் ஸுந்தரராஜன் இதே சுவரைப் படம் எடுத்துக் கழுவக் கொடுத்திருந்தார்; அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதில் அது இல்லை.

அவள் கை தட்டிலேயே நின்றது. கோயில் திருமுக்குளத்துப் படிகளை எத்தனை தடவை படம் போட்டிருக்கிறாள்! காய்ந்த படி வெளுப்பாக வரும். நனைந்த படி கறுப்பாக வரும். ஈரம் என்றால் கறுப்பு. மணலுக்கும் களிமண்ணுக்கும் நடுவில் கறுப்பு என்றால் வேறென்ன? தண்ணீர் மணலில் இறங்கிக் களிமண்ணில் தட்டி நிற்கிறது. ஊற்று!

படம் காயக்கூட இல்லை. முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தோப்பில் சோலைச்சாமி கூலியாட்களோடு சட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். உப்பிலி அன்றைக்குத்தான் வேலையை நிறுத்திவிடச் சொல்லியிருந்தான். தண்ணீரும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. காஞ்சனா படத்தை நீட்டினாள்.

"ஏலே உப்பிலி, இங்க பாரு. ஊத்து!"

"அக்கா, இது இலங்கை தெரிஞ்ச கதையா?"

"ஆண்டாள் மேல சத்தியம்லே. படம் பொய் சொல்லுமா? நான் சொல்லுவேன். படம் சொல்லாது."

உப்பிலி கிணற்று விளிம்பில் குந்தி எட்டிப் பார்த்தான். அந்த இடம் கிணற்றடியில் நின்றாலும் கை எட்டாத உயரத்தில், நிழலுக்குள் இருந்தது. இருட்டாக ஏதோ தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. படத்தில்தான் தெளிவாக இருந்தது. சோலைச்சாமி படத்தைத் தொடாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியல தாயி. நீ படிச்ச பொண்ணு. ஈரம்னா ஈரந்தான்."

சட்டிகளை அவிழ்த்தார்கள். கறுப்புக்கு நேர் கீழே, களிமண்ணைக் குடைந்து உள்ளே போய் மேல்நோக்கி ஊற்றைப் பிடிப்பது என்று ஏற்பாடு. அன்று சாயங்காலம் காஞ்சனா ராஜபாளையம் திரும்பும்போது பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் சொன்னாள். படத்தில் தண்ணீர் கண்டுபிடித்த முதல் பொம்பளை தான்தான் என்றாள். வழக்கத்துக்கு மாறாக அன்று எல்லாரும் நம்பினார்கள்.

சில நாட்கள் கழித்து ஸுந்தரராஜன் படங்களை வாங்க வந்தார். கறுத்து, உதடு வெடித்து, காதுக்குள்ளெல்லாம் சிவப்பு மண்ணோடு வந்தார். காஞ்சனா படங்களைப் பரப்பிப் பெருமையோடு விரலை வைத்தாள்.

"உங்க கண்ணுக்குத் தப்பினது எங் கண்ணுக்குத் தெரிஞ்சது சார். ஊத்து."

அவர் படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பிறகு கேட்டார்: "கறுப்புக்குக் கீழே, தரையில என்ன தெரியுது?"

"என்னவோ வெளுப்பா, குவியலா..."

"விசிறி மாதிரி இருக்கு பாருங்க. காஞ்ச மணல். மேலேருந்து கொட்டியிருக்கு. ஈரமா இருந்தா கொட்டுமா? இது ஈரம் இல்லைம்மா. பொந்து. மணல் உதிர்ந்து உதிர்ந்து சுவர் உள்ளே குழிஞ்சுபோயிருக்கு. நீங்க பார்த்தது அந்தக் குழியோட நிழல்."

நனைந்ததும் கறுப்பு. நிழலும் கறுப்பு. கறுப்பு-வெள்ளைக் காகிதத்துக்கு ரெண்டும் ஒன்றுதான். பதினஞ்சு வருஷம் இருட்டறையில் நின்றவள் அதை மறந்துபோனாள். தம்பிக்குத் தண்ணீர் வேண்டும் என்ற ஆசை அவள் கண்ணுக்குள் மருந்தைப்போல வேலை செய்திருந்தது.

"அதுக்குக் கீழதான் குடையுதாக" என்றாள்.

ஸுந்தரராஜன் ஜன்னலை விட்டுச் சட்டென்று திரும்பினார். "களிமண்ணுதான் மேல இருக்கிற மணலைத் தாங்குது. அதைக் குடைஞ்சா..."

பக்கத்துக் கடையில் வாடகைக்குக் கார் விடுகிற மைதீன் பிச்சை இருந்தார். காஞ்சனா விஷயத்தைச் சொன்னபோது, "இது எந்தக் கதை?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். கிளம்பும்போது காஞ்சனா ஸ்டூடியோவுக்குள் ஓடி, பெரிய கேமராவையும் முக்காலியையும் தூக்கி வந்தாள்.

"எதுக்குக்கா இப்ப கேமரா?" என்றார் மைதீன் பிச்சை.

காரில் போகும்போதுதான் ஸுந்தரராஜன் சொன்னார்: "கத்தக் கூடாது. பயந்து எல்லாரும் ஒரே நேரத்துல ஓடினாங்கன்னா அந்த அதிர்வுலேயே சரியும். மெதுவா, ஒவ்வொருத்தரா வரணும்." அதைக் கேட்பதற்கு முன்னாலேயே அவள் மனம் பொய்யைத் தயார்செய்துவிட்டது. ஆம்பளைகளை மெதுவாக, சிரித்த முகமாக, வரிசையாக நடக்கவைக்கிற ஒரே சாமான் அவளிடம் அதுதான்.

"அக்கா, செத்த வேகமாப் போகவா?" என்றார் மைதீன் பிச்சை. கிருஷ்ணன்கோவில் திருப்பத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. எதிரே ரோடு தெரியவில்லை. சிவப்பாக ஒரு திரை அசைந்துகொண்டிருந்தது. அதற்குள் ஆடு மேய்க்கிறவர்கள் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். உச்சிப் பொழுது அந்திபோல இருந்தது.

"எத்தனையோ ஆடி பாத்திருக்கேன். இது மாதிரி பாத்ததில்ல" என்றார் மைதீன் பிச்சை. சன்னலை ஏற்றியிருந்தும் பல்லுக்குள் மணல் நறநறத்தது.

உப்பிலிக்கு ஸுந்தரராஜனைக் கண்டால் ஆகாது என்பதால் அவர் காரிலேயே இருந்தார். காஞ்சனா முக்காலியோடு கிணற்று விளிம்புக்கு நடந்தாள். கீழே கடப்பாரைச் சத்தம். தெற்குச் சுவரில் அந்த இடத்திலிருந்து மணல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த மூட்டையிலிருந்து சீனி வடிகிற மாதிரி, சத்தமே இல்லாமல்.

"ஏலே உப்பிலி!" என்றாள், கல்யாண வீட்டுக் குரலில். "ஊத்து கண்ட கிணறுன்னு பேப்பர்ல போடப் போறாகளாம். மேல வாங்க, எல்லாரையும் சேத்து ஒரு படம் எடுக்கணும்!"

"இப்பவேயா? ஊத்து இன்னும் வரலையே!"

"வந்த பொறவு எடுத்தா ஈரவேட்டியோட நிப்பீக. இப்பவே வா. மெதுவா வாங்க, வேர்த்து வழியுற மூஞ்சி படத்துல மினுங்கும்."

கடப்பாரைச் சத்தம் நின்றது. உப்பிலி முதலில் வந்தான், மீசையைத் தடவிக்கொண்டே. அவன் பின்னால் கூலியாள் மாரிசாமி, தலையில் இருந்த துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், அண்ணன் சட்டையைக் கொண்டா, சீப்பு யாருகிட்ட இருக்கு என்று பேசிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வடக்குப் படியில் ஏறினார்கள். எவ்வளவு அழகாக ஏறினார்கள்! பெருமாள் புறப்பாட்டுக்குப் போகிறவர்கள்கூட அப்படி நிதானமாக நடக்க மாட்டார்கள்.

"சோலைச்சாமிண்ணே எங்க?"

"அவருதான் படம்னா ஓடுவாரே" என்று சிரித்தான் மாரிசாமி. "குடைவுக்குள்ள வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்க எடுத்து முடிங்க, அப்பறம் வாரேன்னாரு."

காஞ்சனா விளிம்பில் மண்டியிட்டாள்.

"அண்ணே, வாங்க. உங்களைப் படம் எடுக்கல. சும்மா மேல வாங்க."

"நீ எடு தாயி. எனக்கு ஆயுசு வேணும்." குடைவுக்குள்ளிருந்து குரல் வந்தது. வெற்றிலை வாயோடு, குளிர்ச்சியாக. வெளியே காற்றும் புழுதியும். உள்ளே நிழல்.

"அண்ணே, படம் இல்ல. கேமராவுல பிலிமே இல்ல. மேல பொந்து விழுந்திருக்கு. மண்ணு சரியப் போகுது. மெதுவா எந்திரிச்சு வாங்கண்ணே."

கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. "முதல்ல ஊத்துன்ன. பொறவு பேப்பருன்ன. இப்ப மண்ணு சரியுதுன்னு சொல்லுத. ஒனக்குப் பொழுது போகலையா தாயி?"

கரையில் நின்ற ஆண்களும் சிரித்தார்கள். உப்பிலிகூடச் சிரித்தான். அவள் திரும்பி அவர்களைப் பார்த்த பார்வையில் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. ஸுந்தரராஜன் காரிலிருந்து இறங்கி ஓடிவருவது தெரிந்தது.

காற்று ஒரு கணம் நின்றது. அதுதான் பயங்கரமாக இருந்தது. அதுவரை காற்றின் இரைச்சலில் கேட்காத ஒன்று இப்போது கேட்டது. பட்டுப்புடவையை இழுத்து மடிப்பதுபோல ஒரு சரசரப்பு. தெற்குச் சுவரில் சிவப்பு மணல் நூலாக இல்லை, நாடாவாக இறங்கியது. பிறகு பாயாக. பிறகு சுவரே நடந்தது. மேலே இருந்த கரம்பை மண் தன் எடை முழுவதோடும், தென்னை ஒன்றோடும், ஒரே பாளமாக உட்கார்ந்தது. புழுதி கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து எல்லாருடைய முகத்தையும் மூடியது.

புழுதி அடங்கியபோது கிணற்றில் பாதி இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் காஞ்சனா யாரிடமும் கதையாகச் சொன்னதில்லை. ஊர் முழுக்க வந்து தோண்டியது. அள்ள அள்ள மணல் திரும்ப ஓடி வந்து நிரப்பியது. தண்ணீரைப்போல. தண்ணீருக்காக வெட்டிய கிணற்றில் மணல் ஊறியது. மறுநாள்தான் சோலைச்சாமியை வெளியே கொண்டுவந்தார்கள்.

எண்பத்தொன்பதில் ஸுந்தரராஜனின் மணல் வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் மினுங்கி முடித்தது. மேல் மணல் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியது, கீழ் மணல் இருபதாயிரத்தைத் தொடும் என்று ராஜபாளையம் வந்து சொன்னார். கணக்கு முன்னப்பின்ன இருக்கலாம் என்றார். ரெண்டு தடவையும் மழைக்காற்று பலவீனப்பட்ட காலம்.

"மூணாவது தடவை வருமா சார்?"

"ரெண்டு தடவை வந்திருக்குன்னுதான் மண்ணு சொல்லுது. எப்ப வரும்னு சொல்லாது. ஆனா அந்த ரெண்டு தடவையும் மரத்தை வெட்டவும், பூமியில இருக்கிற தண்ணியை உறிஞ்சவும் இங்க இவ்வளவு ஆளில்லை."

உப்பிலி அந்தக் கிணற்றை மூடிவிட்டுப் போர் போட்டான். மிஷின் நாள் முழுக்கக் கத்தி, வானத்தில் மாவுபோலத் தூசியைக் கக்கி, கடைசியில் கைத்தண்டி தண்ணீர் கொடுத்தது. சில வருஷத்தில் அதுவும் கீழே போனது. இன்னும் ஆழமாக இன்னொன்று. வ. புதுப்பட்டி வரை எல்லாத் தோப்பிலும் அந்த மிஷின் நின்றது. ஆடியில் தூசி சிவப்பாக வரும். போர் போடுகிற மாசத்தில் வெள்ளையாக வரும். ஸ்டூடியோவில் கலர்ப் படம் வந்து இருட்டறைக்கு வேலை குறைந்த பிறகும் காஞ்சனா கதவில் ஈரத்துணி தொங்கவிடுவதை நிறுத்தவில்லை.

கதை சொல்வது மட்டும் நின்றுபோனது. பக்கத்து வீட்டு அம்மாக்கள் ஏதாவது சொல்லு என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். ஆனால் அவளுக்குள் கதை நிற்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே இருந்தாள். சோலைச்சாமிண்ணே, தாசில்தார் வந்திருக்காரு. சோலைச்சாமிண்ணே, உங்க ஆடு சோளக்காட்டுல இறங்கிட்டு, காவல்காரன் பிடிச்சுட்டான். சோலைச்சாமிண்ணே, அய்யனார் கோவில்ல உங்களுக்கு மாலை போடணுமாம். ஒவ்வொன்றுக்கும் அவர் எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, படியேறி வருவார். எல்லாமே வேலை செய்தன. அவள் சொன்ன ஒன்றைத் தவிர.

தொண்ணூற்றாறில் ஒரு மத்தியானம் கிருஷ்ணன்கோவில் பஸ் நிறுத்தத்தில் சுந்தரம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சோலைச்சாமியின் பெண்சாதி. காஞ்சனா இத்தனை வருஷம் எந்தத் தெருவில் அவள் வந்தாலும் வேறு தெருவில் திரும்பியவள். இன்றைக்குத் திரும்ப இடமில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் காஞ்சனா பேசினாள். மற்ற எதையும் அல்ல. தாசில்தாரை, ஆட்டை, மாலையைச் சொன்னாள். ஒன்பது வருஷமாகக் கட்டிவைத்த எல்லாப் பொய்யையும் அவள் முன்னால் கொட்டினாள். "இதுல ஏதாவது ஒண்ணைச் சொல்லியிருந்தா..."

சுந்தரம்மாள் முழுவதையும் கேட்டாள். கோபப்படவில்லை. கண்ணுக்குள் விழுந்த மணலைத் துடைத்தாள்.

"அம்புட்டு எதுக்கு தாயி" என்றாள். "மத்தியானந்தான. சோறு வந்துருச்சுன்னு சொல்லியிருந்தா வந்திருப்பாரு."

வத்திராயிருப்பு பஸ் வந்தது. சுந்தரம்மாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏறினாள். காஞ்சனா போகவேண்டிய பஸ்ஸும் வந்து, நின்று, போயிற்று.